மூலையில் நான்கு எழுத்து

இசைத் துறை, தபால்வழிப் பாடப் பிரிவு
1994 அக்டோபர் 4

திரு. லோவெல் பிராசர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஒன்பதாம் பாடத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நூற்றுக்கு அறுபத்து நான்கு. வழக்கமாக மதிப்பெண் சீட்டை மட்டும் உள்ளே வைத்து உறையை ஒட்டிவிடுவேன். வாரத்துக்கு எழுபது தாள் வருகிறது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே தப்புக்கு மூன்றாவது பாடமாகச் சிவப்பு வட்டம் போட்டுக் கை சலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மேல்குரல், அதற்குக் கீழே ஆல்டோ, டெனர், அடியில் பாஸ் என்று நான்கு குரலுக்கு எழுதும்போது, ஏழாவது சுரமான பி எந்தக் குரலில் வந்தாலும் அது அடுத்து மேலே இருக்கும் சி-க்கு ஏற வேண்டும். இது இரண்டாம் பாடத்திலேயே இருக்கிற விதி. உங்கள் மேல்குரலுக்கு பி வந்தால் ஒழுங்காக ஏறுகிறது. டெனருக்கு வந்தாலும் ஏறுகிறது. ஆல்டோ மட்டும் வரி முடியும் இடத்தில் பி வரைக்கும் வந்து, அங்கிருந்து தொப்பென்று ஜி-க்கு இறங்கிவிடுகிறது. பெரிய மேதைகள் நடுக்குரலில் இப்படிச் செய்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் என்னிடம் தாள் அனுப்பவில்லை. எனக்குக் கொடுத்திருக்கும் திருத்தக் குறிப்பில் இதற்குப் பத்து மதிப்பெண் குறைக்கச் சொல்லியிருக்கிறது.

மற்றபடி உங்களுக்கு நல்ல காது. பாஸ் வரியை யாரோ நடந்து பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. அடுத்த பாடத்தை அனுப்பும் முன் ஒருமுறை பியானோவில் வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தாளின் வலது மூலையில் எப்போதும் பென்சிலில் நான்கு எழுத்து இருக்கிறது: லோ, ரூ, ஆ, டூ. நான்கும் நான்கு கையெழுத்து. அது என்ன என்று தெரியவில்லை. தேவையில்லாததென்றால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மார்லிஸ் வீபி
திருத்துநர்


1994 அக்டோபர் 27

மதிப்பிற்குரிய வீபி அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே வரும் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். நீங்கள் போட்ட சிவப்பு வட்டங்களை ஏதோ சங்கேதம் என்று நினைத்து இரண்டு வாரம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் போய், "அதெல்லாம் தப்புங்க, நான் பண்ணின தப்பு" என்றேன். "நீ பண்ணின தப்பு எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

முகவரியில் தபால் பெட்டி எண் மட்டும் இருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இது மாநிலச் சிறை. உள்ளே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் செய்தது கொலை. செய்யவில்லை என்று சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவும் மாட்டேன்.

பியானோ இல்லை. வழிபாட்டுக்கூடத்தில் ஒன்று இருந்தது. யாரோ அதன் கம்பியை உருவியது தெரிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காதால் கேட்காமல் சரியா தப்பா என்று எனக்குப் புரியாது. அதனால் சலவைக்கூடத்தில் நாலு பேர் பாடிப் பார்க்கிறோம். அங்கே துணி உலர்த்தும் பெரிய எந்திரம் ஒன்று, ஓட ஆரம்பித்தால் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அதைத்தான் சி என்று வைத்துக்கொண்டோம்.

மேல்குரல் ரூபன் ஓக்ஸ். கள்ளக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவன். நாற்பத்தைந்து வயதில் பெண்குரலில் பாடுகிறான், யார் சிரித்தாலும் சட்டை செய்வதில்லை. பாஸ் பாடுவது ஆம்புரோஸ், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். டெனர் நான். ஆல்டோ டூயி ஹாஸ்கெட். வயது அறுபத்தொன்பது. தொண்டையில் பழைய வெட்டு. அவருக்கு நாலே நாலு சுரம்தான் பேசும்: எஃப், ஜி, ஏ, பி. சி-க்குப் போனால் வெறும் காற்றுதான் வரும். கீழே இறக்கிப் பாடலாம் என்றால் எந்திரம் தன் சுருதியை மாற்றிக்கொள்ளாது.

மூலையில் இருப்பது எங்கள் பெயரின் முதல் எழுத்துகள். பாடிப் பார்த்து ஒப்புக்கொண்டவன்தான் தன் எழுத்தைப் போடுவான். நாலும் விழாமல் எதையும் உங்களுக்கு அனுப்புவதில்லை என்று முதல் பாடத்திலேயே பேசி முடிவு செய்தோம். அதனால் தயவுசெய்து அதை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

உங்கள் வட்டங்களை டூயியிடம் காட்டினேன்.

"அந்தம்மா என்னடா சொல்றாங்க?"

"நீங்க சி-க்கு ஏறணுமாம், பெரியவரே."

"என் வயசு என்னன்னு எழுதினியா?"

எழுதிவிட்டேன். பத்தாம் பாடம் உள்ளே இருக்கிறது. வட்டம் எங்கே போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பணிவுடன்,
லோவெல் பிராசர்


1994 நவம்பர் 16

அன்புள்ள திரு. பிராசர்,

பியானோவில் வாசித்துப் பாருங்கள் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. பி-யை ஆல்டோவுக்குக் கொடுக்காதீர்கள். டெனரான நீங்களே எடுத்துக்கொண்டு சி-க்கு ஏறிவிடுங்கள். டூயி ஜி-யிலேயே நிற்கட்டும். விதியும் மீறப்படாது, அவர் தொண்டைக்கும் சிரமமில்லை. பாதிப் பாட்டுகளில் ஆல்டோவுக்கு அதுதான் தலையெழுத்து.

இனி வேண்டாத செய்தி. வருகிற மே முப்பத்தொன்றுடன் தபால்வழிப் பாடத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் முடிக்காதவர்களுக்கு அதுவரை எழுதியதெல்லாம் வீண். தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். உங்கள் சராசரி அறுபத்தாறு. மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு கடைசிப் பயிற்சிக்கு, அதாவது பதினாறு தாளக் கட்டத்தில், நாலு வரியாக நீங்களே எழுதும் ஒரு துதிப்பாட்டுக்கு. அதில் எழுபத்தாறு மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் தேறுவீர்கள். நாலு வரி முடிவிலும் ஆல்டோ கீழே விழுந்தால் அறுபதுதான் வரும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாடம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாமா? எனக்கே எதற்கென்று மறந்துவிட்டது. ஆறு வருஷமாக ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்க வேண்டிய பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போய் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். இசை படிக்க வந்தவள் நான். இப்போது பென்சில் சீவத்தான் தெரிகிறது.

உங்கள்
மார்லிஸ் வீபி


1994 டிசம்பர் 12

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ரூபன்தான் உங்களுக்கு இந்தப் பெயர் வைத்தான். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், பழி அவன் மேல்.

நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். பி-யை நான் எடுத்துக்கொண்டு, டூயிக்கு ஜி, ஜி, ஜி, ஜி என்று எழுதினேன். பாடி முடித்ததும் அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"டேய், இதுல என்னுது எங்கடா?"

"இதுதான் பெரியவரே. இந்த வரி பூரா உங்களுது."

"இது வரியா? இது தாழ்ப்பாள். என் பி எங்க போச்சு?"

ரூபன் சும்மா இருப்பானா? "லோவெல் திருடிட்டாரு. கையெழுத்தத் திருடின எனக்கு ஆறு வருஷம் குடுத்தாங்க. சுரத்தத் திருடினவருக்கு எவ்வளவு குடுப்பாங்களோ."

டூயி சிரிக்கவில்லை. "எனக்கு இருக்கிறதே நாலு. அதுல ஒண்ணு மேல நிக்கிற மாதிரி இருக்கும். அங்க போயி நிக்கும்போது கொஞ்சம் வெளிய பாத்த மாதிரி. கீழ விழுந்தா விழுறேன், அது என் பாடு" என்றார். பென்சிலை எடுக்கவில்லை. டூ விழாததால் அந்தத் தாள் உங்களுக்கு வரவில்லை. பழையபடி எழுதியதுதான் உள்ளே இருக்கிறது. பத்துப் பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு என்று கேட்டீர்கள். பட்டத்துக்குத் தேவையான நாற்பது படிப்பில் இந்த இசைப் படிப்பு நாற்பதாவது. பதினாறு வருஷமாக ஒவ்வொன்றாக எழுதி வந்தேன். கணக்கு, மண்ணியல், தத்துவம், கோதுமை நோய்கள் வரைக்கும் படித்தாயிற்று. என் பெயர் அச்சடித்த காகிதம் நிறைய இருக்கிறது, டீச்சரம்மா. எல்லாம் நீதிமன்றம் கொடுத்தது. வேறு யாராவது கொடுத்த காகிதம் ஒன்று வேண்டும். வெளியே போவதற்கு அது உதவாது. நான் வெளியே போகப் போவதுமில்லை.

உங்கள் பேராசிரியருக்கு மீன் அகப்படாமல் போகட்டும்.

லோவெல்


1995 ஜனவரி 20

அன்புள்ள லோவெல்,

பதினோராம் பாடத்துக்கும் அறுபத்தாறுதான் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நானும் ஆல்டோதான். எங்கள் தேவாலயச் சபையில் வாத்தியமே கிடையாது, ஊர் முழுக்க நாலு குரலில் பாடும். ஆல்டோ பெண்கள் எங்கே உட்கார்வது என்பது எழுதாத சட்டம். ஏழு வயதில் அம்மா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். மேல்குரலில் பாட வேண்டும் என்று நான் சிணுங்கியபோது, "அங்க எல்லாரும் பாடுவாங்க. இங்க ஒருத்தி வரலேன்னா தெரிஞ்சிடும்" என்றாள். அம்மா போன பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பாடி ஆறு வருஷம் ஆகிறது. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கும்போது வாய் நீளுகிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கடைசிப் பயிற்சியை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்று டூயி பாடுவதற்கு. இன்னொன்று எனக்கு, புத்தகத்தில் இருக்கிறபடி, ஆல்டோ சி-க்கு ஏறுகிற மாதிரி. அதை யாரும் பாட வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். பதினாறு வருஷத்தை ஒரு சுரத்துக்காகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். இதை உங்களுக்குச் சொல்வது என் வேலையில் சேராது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்லிஸ்


1995 பிப்ரவரி 14

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உங்கள் யோசனை புத்திசாலித்தனமானது. ஆம்புரோஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. "ரெண்டா எழுதிடுப்பா. அந்தாளுக்கு எங்க தெரியப் போவுது" என்றான்.

என்னால் முடியாது. காரணம் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. பாடாத தாளில் டூயியின் எழுத்தை யார் போடுவது? ரூபன் போட்டுத் தருகிறேன் என்கிறான், அசலைவிட நன்றாகவே போடுவான். அதற்குத்தான் அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். எழுத்து இல்லாமலே அனுப்பலாம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் மீறாத ஒரே வாக்கு இது. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதம்.

டூயிக்கு மூன்று வாரமாக இருமல். சலவைக்கூடத்து ஈரம் ஆகாது என்று மருத்துவப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பார்க்கவிட்டார்கள். துதிப்பாட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கடைசி வரியில எனக்கு என்ன குடுத்திருக்க?"

"பிதான்."

"அப்புறம்?"

"ஜி."

"நல்லது. அந்தம்மா மார்க்கக் குறைச்சிடுவாங்களே."

"குறைக்கட்டும்."

"நீ ஒரு மடையன்டா" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டார். வந்து பாடினதும் எழுத்துப் போடுவார். போட்டதும் அனுப்புகிறேன். அறுபது வந்தால் வரட்டும், அது உங்கள் குற்றமில்லை.

உங்கள் அம்மா சொன்னதை மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். டூயிக்கும் சொன்னேன். "கெட்டிக்காரப் பொம்பள" என்றார்.

லோவெல்


1995 ஏப்ரல் 27

அன்புள்ள லோவெல்,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மே முப்பத்தொன்று நெருங்குகிறது. தபால் உங்களிடம் வர மூன்று வாரம், என்னிடம் வர ஒரு வாரம் என்று வைத்தால் இப்போதே தாமதம்தான். அறுபதோ எழுபதோ, தாளை அனுப்பிவிடுங்கள். வெறுங்கையோடு என்னால் எந்த மதிப்பெண்ணும் போட முடியாது.

டூயி எப்படி இருக்கிறார்?

மார்லிஸ்


1995 மே 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

டூயி மார்ச் பதினொன்றாம் தேதி போய்விட்டார். நுரையீரலில் நீர். கேட்டு வர வெளியே யாரும் இல்லாததால் சிறைக்குப் பின்னால் இருக்கும் மண்ணிலேயே வைத்தார்கள். எங்களை அனுமதிக்கவில்லை. அன்றைக்கு எந்திரம் ஓடியது, யாரும் பாடவில்லை. அடுத்த வாரமும் பாடவில்லை.

துதிப்பாட்டு உள்ளே இருக்கிறது. நீங்கள் பார்த்ததும் ஆச்சரியப்படுவீர்கள். நாலு வரி முடிவிலும் ஆல்டோ பி-யிலிருந்து சி-க்கு ஏறுகிறது. உங்கள் பேச்சைக் கேட்டு எழுதவில்லை. டூயி வழியிலேயே விட்டுவிடத்தான் நினைத்தேன். மூன்று பேருமாகப் பாடிப் பார்த்தோம். ஆல்டோவின் பி வரும் இடம் வந்தது, அதைப் பாடி இறக்குவதற்கு ஆள் இல்லை. அந்த இறக்கம் அவர் தொண்டைக்காக எழுதியது. அவர் இல்லாமல் அதைத் தாளில் வைத்துப் பார்த்தால் வெறும் தப்பாகத்தான் தெரிந்தது. அதனால் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுப் புத்தகப்படி எழுதினேன். அழிக்கிற வேலை எழுதினதைவிட அதிக நேரம் எடுத்தது.

ஆனால் மூலையில் மூன்று எழுத்துதான் இருக்கிறது. இந்த ஆல்டோவை இதுவரை யாரும் பாடவில்லை. எங்கள் ஏற்பாட்டின்படி நான் இதை அனுப்பவே கூடாது.

நீங்கள் ஆல்டோ என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஒருமுறை இதைப் பாடிப் பாருங்கள். கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டாம். வாய்விட்டுப் பாடுங்கள். சரியாக இருந்தால் உங்கள் எழுத்தை மூலையில் போட்டுவிட்டு, அப்புறம் மதிப்பெண் போடுங்கள். பாட முடியாது என்றால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்று பேரும் இதைத்தான் பேசி முடிவு செய்தோம். ரூபன்கூட அன்றைக்கு வேடிக்கை பேசவில்லை.

லோவெல்


1995 மே 30

அன்புள்ள லோவெல்,

உங்கள் உறை இன்று காலை வந்தது. நாளையோடு இந்தப் பிரிவை மூடுகிறார்கள். என் மேசையைக்கூடக் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார்கள். தாளைத் தரையில் உட்கார்ந்து பிரித்தேன்.

சிவப்புப் பென்சிலோடு மேலிருந்து கீழே பார்த்தேன். வட்டம் போட ஓரிடம்கூட இல்லை. ஒன்பது மாதமாக நான் கேட்டது இதுதான். கையில் வந்தபோது அழுகை வந்தது.

நீங்கள் சொல்லாவிட்டால் கண்ணால் பார்த்துவிட்டு நூறு போட்டிருப்பேன். மதியம் காலி வகுப்பறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு, மற்ற மூன்று குரலையும் பியானோவில் வாசித்தபடி ஆல்டோவைப் பாடினேன். ஆறு வருஷமாகத் திறக்காத தொண்டை, முதல் வரி கரகரவென்றுதான் வந்தது. வரி முடிவில் பி வந்தது. சி தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது, எனக்கு அது எட்டாத உயரமும் இல்லை. ஆனாலும் என் வாய் தானாக ஜி-க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது வரியிலும் இறங்கியது. நாலிலும் அப்படியே. தெரிந்தே செய்தேன் என்று சொல்ல முடியாது. உங்கள் தாள்களைத் திருத்தித் திருத்தி அவர் பாட்டுதான் எனக்குப் பாடமாகியிருக்கிறது.

பிறகு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, எழுதியது எழுதியபடி பாடினேன். நாலு இடத்திலும் சி-க்கு ஏறினேன். சரியாக இருக்கிறது, லோவெல். பாடி ஒப்புக்கொண்டேன்.

கடைசிப் பயிற்சிக்கு நூறு. மொத்தம் எண்பது. பட்டியலை நானே நடந்து போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, முத்திரை குத்தும் வரை அங்கேயே நின்றேன். உங்கள் காகிதம் ஆகஸ்டில் வரும். பிரித்துப் பார்ப்பவர்களிடம் அதில் சங்கேதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

துதிப்பாட்டை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். மூலையில் என் எழுத்தைப் போட்டிருக்கிறேன். லோ, ரூ, ஆ என்ற மூன்றுக்கும் என் மா-வுக்கும் நடுவில் ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அதில் யாரும் எதையும் எழுத வேண்டாம் என்று மற்ற இருவரிடமும் சொல்லுங்கள், முக்கியமாக ரூபனிடம்.

மார்லிஸ்